தீப்பெட்டி ஆபீசுக்குப் போன பிள்ளைகள்

பதினான்கு வருடம் விலை ஏறாத பொருள் ஒன்றைச் சொல்லுங்கள் என்று யாராவது கேட்டால் சட்டென்று எதுவும் வாயில் வராது. பால் ஏறியது, டீ ஏறியது, பஸ் டிக்கெட் ஏறியது, பெட்டிக்கடையில் தொங்கும் வாழைப்பழம்கூட ஏறியது. தீப்பெட்டி மட்டும் 2007-ல் ஐம்பது பைசாவிலிருந்து ஒரு ரூபாய்க்கு வந்து அங்கேயே நின்றது. 2021 டிசம்பரில்தான் இரண்டு ரூபாய் ஆனது, அதுவும் உள்ளே குச்சிகளைக் கூட்டித் தருகிறோம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு. அதற்கு முந்தைய ஏற்றம் 1995-ல், இருபத்தைந்து பைசா ஐம்பது பைசாவானபோது.

ஒரு பொருள் இவ்வளவு மலிவாக இருக்க வேண்டுமானால் அதைச் செய்யும் செலவில் ஏதோ ஒன்று மிகமிக மலிவாகக் கிடைத்தாக வேண்டும். மரமோ மெழுகோ பொட்டாசியம் குளோரேட்டோ யாரும் தானமாகத் தருவதில்லை. குறைக்க முடிந்தது கூலியைத்தான். கையால் செய்த தீப்பெட்டியில் அந்தக் கூலியின் ஒரு பங்கு வெகுகாலம் ஆறு வயதிலிருந்து பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகளின் பெயரில் போனது. அவர்கள் பெயரில் என்று சொன்னேனே தவிர அவர்கள் கைக்குப் போகவில்லை, வீட்டுக் கடனில் கழிந்தது.

சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி, கழுகுமலை, வடக்கே குடியாத்தம். தமிழ்நாட்டுத் தீப்பெட்டியின் வரைபடம் இவ்வளவுதான். தென்பகுதி முழுக்கக் கரிசல் மண், வானம் பார்த்த பூமி. மழை பெய்தால் கம்பும் சோளமும் பருத்தியும், பெய்யாவிட்டால் வேலிக்கருவேல மரத்தை வெட்டிக் கரிமூட்டம் போட வேண்டியதுதான். விவசாயத்துக்கு ஆகாத அதே வறண்ட காற்று தீக்குச்சிக்கு நன்றாக ஒத்துப்போனது, ஏனென்றால் மருந்தில் முக்கியெடுத்த குச்சியும் ஒட்டிய பெட்டியும் காய வேண்டும், வருடத்தில் முக்கால்வாசி நாள் வெயில் வேண்டும். 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டி செய்யக் கற்றுக்கொண்டு வந்து சிவகாசியில் தொழிலைத் தொடங்கிய கதை அங்கே எல்லோருக்கும் தெரியும். அப்போதுதான் வெளிநாட்டுத் தீப்பெட்டிக்கு அரசு பெரிய வரி போட்டிருந்தது, அந்த இடைவெளியில் இவர்கள் நுழைந்தார்கள். தீப்பெட்டியைத் தொடர்ந்து பட்டாசு வந்தது, பட்டாசைச் சுற்ற லேபிள் வேண்டும் என்று அச்சுத்தொழில் வந்தது. குட்டி ஜப்பான் என்று பெயரும் வந்தது. ஊரை வளர்த்தவர்களின் உழைப்பைக் குறைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை, அது உண்மையான சாதனைதான். அந்தச் சாதனையின் அடியில் இன்னொரு கணக்கு ஓடியது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் கதை முழுசாகும்.

அந்தப் பக்கத்தில் தீப்பெட்டித் தொழிற்சாலை என்று யாரும் சொல்ல மாட்டார்கள், தீப்பெட்டி ஆபீஸ் என்பார்கள். பட்டாசு செய்யும் இடம் பயர் ஆபீஸ். "பாப்பா ஆபீசுக்குப் போயிருக்கு" என்று ஒரு வீட்டில் சொன்னால் வெளியூர்க்காரர் ஏதோ அரசு வேலை என்று நினைத்துக்கொள்ளக்கூடும், போயிருக்கும் பாப்பாவுக்கு எட்டு வயது இருக்கும்.

அங்கே என்ன வேலை என்றால், பள்ளம் பள்ளமாக வெட்டிய மரச்சட்டத்தில் ஒரு பள்ளத்துக்கு ஒரு குச்சி என்று வரிசையாக அடுக்க வேண்டும். அந்தச் சட்டத்தை அப்படியே மெழுகிலும் மருந்திலும் முக்கி எடுப்பார்கள், அது பெரியவர்கள் வேலை. காய்ந்த குச்சிகளைப் பிரித்துப் பெட்டியில் அடைப்பது, லேபிள் ஒட்டுவது, பெட்டியின் பக்கவாட்டில் உரசும் மருந்தைப் பூசுவது, கட்டுக் கட்டுவது எல்லாம் அப்புறம். பெட்டி ஒட்டுவது பெரும்பாலும் வீட்டிலேயே நடந்தது, தாளையும் மெல்லிய மரச்சக்கையையும் பசையையும் கொண்டுவந்து கொடுத்துவிட்டு ஒட்டிய பெட்டியை எண்ணி எடுத்துப் போவார்கள். எல்லாமே எண்ணிக்கைக் கூலி. நாள் கூலியாக இருந்தால் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரலாம், எண்ணிக்கைக் கூலியில் நிமிர்ந்த நேரத்துக்குக் காசு இல்லை. வாளியில் தண்ணீர் குடிக்க எழுந்து போவதற்கும் ஒன்பது வயதுப் பிள்ளை மனக்கணக்குப் போட்டிருக்கும்.

பயர் ஆபீசில் கந்தகம், வெடியுப்பு, அலுமினியப் பொடி. அலுமினியப் பொடி படிந்த கைகள் வெள்ளி பூசினாற்போலப் பளபளக்கும், சோப்புப் போட்டாலும் சீக்கிரம் போகாது. பொட்டு வெடி, சுருள் கேப், சரவெடி பின்னுவது, திரி வைப்பது இதெல்லாம் சின்னக் கைகளின் வேலையாக இருந்தது. தீபாவளிக்கு முன்னால் துப்பாக்கியில் சுருள் கேப்பை மாட்டி ஊரெல்லாம் சுட்டுக்கொண்டு திரிந்தவன்தான் நானும். அந்தச் சிவப்புத் தாளில் பொட்டுப் பொட்டாக இருந்த மருந்தை வைத்தவனுக்கும் என் வயதுதான் இருந்திருக்கும் என்று அப்போது யாரும் சொல்லவில்லை.

குழந்தைப் பருவம் பறிபோனது என்று பொதுவாக எழுதிவிடுகிறோம், முதலில் பறிபோனது எது என்று பார்த்தால் தூக்கம். 1970களிலும் 80களிலும் ஆபீஸ் பஸ் விடிகாலை மூன்று மணியிலிருந்து ஐந்து மணிக்குள் கிராமங்களுக்கு வந்துவிடும். முப்பது நாற்பது கிலோமீட்டர் சுற்றளவில் ஊர் ஊராக ஏற்றிக்கொண்டு போக வேண்டும், ஆகவே கடைசி ஊர்ப் பிள்ளை முதலில் எழுந்தாக வேண்டும். பிள்ளைகளை எழுப்பி விடுவதற்கென்றே ஊருக்கு ஒரு ஏஜென்ட், அவருக்கு ஆபீஸ் மாதச் சம்பளம் கொடுத்தது. ஐம்பது பேர் ஏற வேண்டிய பஸ்ஸில் நூற்றுக்கும் மேல் ஏறும், சின்ன உடம்புகள்தானே. இரவு ஏழு எட்டு மணிக்குத் திரும்பி வரும்போது பாதிப் பிள்ளைகள் தூங்கியிருக்கும், இறக்கி விடுவார்கள். பகல் வெளிச்சத்தில் தன் தெருவைப் பார்ப்பது லீவு நாளில் மட்டும். 1980களில் வந்த ஆய்வுகளில் அந்தப் பகுதித் தொழிலில் இருந்த குழந்தைகளின் எண்ணிக்கையாகத் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டது 45,000. ஆலைக்காரர்கள் அதை மறுத்தார்கள். பாதி என்று வைத்துக்கொண்டாலும் ஒரு சிறு நகரத்தின் மொத்தப் பள்ளிக்கூடங்களையும் காலி செய்து பஸ்ஸில் ஏற்றியதற்குச் சமம்.

சரி, ஏன் அனுப்பினார்கள்? வறுமை. பள்ளிக்கூடக் கட்டுரைப் போட்டியில் எழுதும் பதில் இது, பொய்யும் இல்லை. மழை இல்லை, நிலம் இல்லை, இருந்தாலும் விளைச்சல் இல்லை, கல்யாணத்துக்கும் சாவுக்கும் வாங்கிய கடன் இருக்கிறது. ஆனால் இந்தப் பதிலோடு நிறுத்திக்கொள்வதில் எனக்கு ஒரு சந்தேகம் எப்போதும் உண்டு. கரிசல் காடு எங்கும் ஏழைகள் இருந்தார்கள், தமிழ்நாடு எங்கும் இருந்தார்கள். எல்லா ஊரிலும் விடிகாலை மூன்று மணிக்குப் பஸ் வரவில்லை. பஸ் வந்த ஊரில்தான் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் போனார்கள். வறுமை ஒரு வீட்டை என்ன கேட்டாலும் சரி என்று சொல்லும் நிலைக்குக் கொண்டுவந்து வைக்கும், கேட்பதற்கு ஒருவர் வர வேண்டும். இங்கே வந்தார்கள், கையில் முன்பணத்தோடு வந்தார்கள்.

முன்பணம்தான் இதில் மையமான விஷயம். பிள்ளையைச் சேர்க்கும்போதே ஒரு தொகை பெற்றோருக்குக் கொடுத்துவிடுவார்கள். பெரிய தொகை இல்லை, ஆனால் பஞ்சகாலத்தில் மொத்தமாகக் கைக்கு வரும் காசு. அது கழியும் வரை பிள்ளை வேறு ஆபீசுக்குப் போக முடியாது, நின்றுவிடவும் முடியாது. கழிவதற்குள் ஒரு காய்ச்சலோ ஒரு காதுகுத்தோ வந்துவிடும், மறுபடி வாங்குவார்கள். அக்கா பெரியவளாகி நின்றால் அந்த இடத்துக்குத் தங்கை வருவாள், கணக்கு மாறாமல் பேர் மட்டும் மாறும்.

அக்கா, தங்கை என்று சும்மா எழுதவில்லை. ஆபீஸ் பஸ்ஸில் பெண் பிள்ளைகள்தான் அதிகம். ஒரு வீட்டில் ஒரு பையனும் ஒரு பெண்ணும் இருந்தால் பையன் ஸ்கூல் பையைத் தூக்குவான், பெண் தூக்குவாளியைத் தூக்குவாள். "அவ போயி என்னத்தப் படிச்சு, நாளைக்கு இன்னொருத்தன் வீட்டுக்குப் போறவ" என்பது பெரும்பாலும் அப்பாவைவிட அம்மாவும் பாட்டியும் சொன்ன வாசகம். அவளுக்குப் போட வேண்டிய நகைக்கு அவளே எட்டு வயதிலிருந்து குச்சி அடுக்கிச் சேர்க்க வேண்டும் என்று வந்துவிட்டது. இதை வறுமை என்ற ஒற்றைச் சொல்லில் அடக்கினால் அந்த வீட்டுப் பையன் எப்படிப் பள்ளிக்கூடம் போனான் என்ற கேள்விக்குப் பதில் கிடைக்காது.

இன்னொன்றும் உண்டு. பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் ஒரு தொழிலில் இருந்தால் அந்த வேலையின் கூலி பிள்ளைகளின் கூலியாகவே நின்றுவிடும். அதே சட்டத்தில் அம்மாவும் அதே குச்சியை அடுக்கினாள், அவளுக்கும் அதே எண்ணிக்கைக்கு அதே காசு. கூட்டிக் கேட்டால், நாளைக்கு உன் இடத்தில் உட்கார ரெண்டு சின்னப் பிள்ளைகள் வரும் என்று ஆபீஸ் சொல்லாமலே அவளுக்குத் தெரியும், அந்த ரெண்டில் ஒன்று அவள் பிள்ளையாகவே இருக்கும். ஆக, வறுமையால் பிள்ளை வேலைக்குப் போனாள் என்பது பாதிதான், பிள்ளை வேலைக்குப் போனதால் அந்த வீட்டுக் கூலி ஏறாமல் வறுமை அப்படியே இருந்தது என்பது மறுபாதி. பிஞ்சு விரல்தான் குச்சியை வேகமாக அடுக்கும் என்று ஒரு பேச்சு இருக்கிறதே, அதை நான் நம்புவதில்லை. அடுக்குவது பழகிய கை, இருபது வயதில் பழகினாலும் அதே வேகம் வரும். பிஞ்சு விரலுக்கு உள்ள உண்மையான தகுதி, அது கூலி உயர்வு கேட்காது.

அரசு என்ன செய்துகொண்டிருந்தது என்று பார்த்தால் ஒரு கையால் சட்டம் போட்டுக்கொண்டு இன்னொரு கையால் வரிச்சலுகை கொடுத்துக்கொண்டிருந்தது. இயந்திரத்தில் செய்த தீப்பெட்டிக்கு ஒரு கலால் வரி, கையால் செய்ததற்குக் குறைவு, சிறிய ஆலை என்றால் இன்னும் குறைவு. சிறு தொழிலைக் காப்பாற்றும் நல்ல நோக்கம்தான், பெரிய அந்நிய முதலாளியிடமிருந்து உள்ளூர்த் தொழிலைக் காத்ததும் இந்த வரிதான். ஆனால் குறைந்த வரிக்குள் நிற்க வேண்டும் என்பதற்காக ஒரே முதலாளியின் ஆபீஸ் காகிதத்தில் பல ஆபீசாகப் பிரிந்தது, மனைவி பேரில் ஒன்று, மைத்துனர் பேரில் ஒன்று. 1948-ம் வருடத் தொழிற்சாலைச் சட்டம் மின்சாரம் இல்லாத இடத்தில் இருபது பேராவது இருந்தால்தான் பிடித்தது. ஆலை சிறிதாகச் சிறிதாக வரியும் குறைந்தது, ஆய்வாளர் வாசலில் நிற்பதும் குறைந்தது. இயந்திரம் போட்டால் வரி ஏறும் என்பதால் இயந்திரம் வராமலும் இருந்தது. இந்த ஏற்பாட்டில் கையால் செய்ய ஆள் வேண்டும், மலிவான ஆள் வேண்டும்.

சட்டம் இல்லாமல் போனதா என்றால் அதுதான் வேடிக்கை. முன்பணம் வாங்கிக்கொண்டு பிள்ளையின் உழைப்பை அடகு வைக்கும் ஒப்பந்தம் செல்லாது என்று 1933-லேயே வெள்ளைக்காரன் சட்டம் போட்டான். அபராதம் பெற்றோருக்கு 50 ரூபாய், முதலாளிக்கு 200 ரூபாய். 1938-ல் குழந்தைகள் வேலைவாய்ப்புச் சட்டம் வந்தது, மறுவருடம் வந்த திருத்தத்தில் சிறு பட்டறைகளில்கூடப் பன்னிரண்டு வயதுக்குக் கீழ் வைக்கக்கூடாத தொழில்களின் பட்டியல் ஒன்று சேர்க்கப்பட்டது. பீடி, கம்பளம், தோல் பதனிடுவது என்று போகும் அந்தப் பட்டியலில் தீப்பெட்டியும் பட்டாசும் பேர் சொல்லியே இருக்கின்றன. குடும்பத்தார் மட்டும் சேர்ந்து செய்யும் பட்டறைக்கு விலக்கு என்று ஒரு வரியும் இருந்தது, அந்த வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் மறுபடி வரும். சுதந்திரத்துக்குப் பிறகு அரசியல் சட்டத்தின் 24-ம் பிரிவு, பதினான்கு வயதுக்குக் கீழ் ஆலையிலும் சுரங்கத்திலும் ஆபத்தான வேலையிலும் வைக்கக்கூடாது என்றது. 1976-ல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம். 1986-ல் குழந்தைத் தொழிலாளர் தடை மற்றும் ஒழுங்குமுறைச் சட்டம். ஐம்பது வருடத்தில் இவ்வளவு சட்டம், பஸ் மட்டும் நேரத்துக்கு வந்துகொண்டிருந்தது.

வழக்கறிஞர் எம்.சி. மேத்தா சிவகாசிப் பிள்ளைகளுக்காக உச்ச நீதிமன்றம் போனார். 1990 அக்டோபரில் வந்த முதல் தீர்ப்பை இன்று படித்தால் கொஞ்சம் திகைப்பாக இருக்கும். மருந்தோடு சம்பந்தப்பட்ட உற்பத்தியில் பிள்ளைகள் கூடாது, ஆனால் உற்பத்தி நடக்கும் இடத்திலிருந்து தள்ளி வைத்து பேக்கிங் வேலைக்கு வைக்கலாம், பெரியவர்கள் கூலியில் 60 சதவீதமாவது கொடுக்க வேண்டும், ஆளுக்கு 50,000 ரூபாய்க்குக் காப்பீடு. இளம் கைகள் தரம் பிரிக்கவும் பேக்கிங்குக்கும் பொருத்தமானவை என்ற கருத்தும் அதில் உண்டு. ஏஜென்ட் சொல்லிக்கொண்டிருந்த பிஞ்சு விரல் கதை டெல்லி வரை போயிருக்கிறது பாருங்கள்.

அடுத்த வருடமே சிவகாசிப் பட்டாசு ஆலை ஒன்றில் பெரிய வெடிவிபத்து. 39 பேர் இறந்ததாகச் செய்தி வந்ததும் நீதிமன்றம் தானாகவே வழக்கைக் கையில் எடுத்து, வழக்கறிஞர்கள் குழுவை அனுப்பிப் பார்க்கச் சொன்னது. 1996 டிசம்பர் 10-ல் வந்த தீர்ப்பு இதிலிருந்துதான் வளர்ந்தது, இந்த விஷயத்தில் இந்தியாவிலேயே பெரிய தீர்ப்பு அதுதான். ஆபத்தான வேலையில் வைத்த ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும். அந்தப் பிள்ளைக்குப் பதிலாக வீட்டில் பெரியவர் ஒருவருக்கு அரசு வேலை பார்த்துக் கொடுக்க வேண்டும், முடியாவிட்டால் அரசு தன் பங்காக 5,000 ரூபாய் போட வேண்டும். மொத்தம் 25,000, அதன் வட்டி அந்த வீட்டுக்கு வரும், பிள்ளை பள்ளிக்கூடம் போகிறவரை.

நல்ல யோசனைதான், காரணம் முதல்முறையாக ஒரு தீர்ப்பு, பிள்ளையை மீட்டால் அந்த வீட்டில் அடுப்பு எப்படி எரியும் என்று கேட்டது. கணக்குதான் உதைத்தது. பத்து சதவீத வட்டி என்றாலும் வருடத்துக்கு 2,500 ரூபாய், மாதத்துக்கு இருநூறு சொச்சம், நாளுக்கு ஏழு ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. பெரியவருக்கு வேலை கொடுக்கும் பகுதி நடந்திருந்தால் கதையே வேறு. அது அநேகமாக ஏட்டோடு நின்றது. முதலாளிகளிடம் 20,000 வசூலிப்பதும் சுலபமாக நடக்கவில்லை, ஏனென்றால் அதற்கு முதலில் அந்தப் பிள்ளை அங்கே வேலை பார்த்ததை நிரூபிக்க வேண்டும். பதிவேட்டில் இல்லாத பிள்ளையை எப்படி நிரூபிப்பது? ஜீப் வரும் சத்தம் கேட்டால் பின்வாசல் வழியாகக் காட்டுக்குள் ஓட வேண்டும் என்பதைப் பிள்ளைகள் குச்சி அடுக்கும்போதே கற்றுக்கொண்டிருந்தார்கள்.

இந்த மண்ணில் இதெல்லாம் நடந்தது என்பதில் எனக்குத் தீராத ஆச்சரியம் ஒன்று உண்டு. விருதுநகர் காமராஜரின் ஊர். ஆறு வயதில் அப்பா இறந்து, பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டு, மாமாவின் ஜவுளிக்கடையில் துணி எடுத்துப் போட்ட பையன் அவர், இன்றைய சட்டப்படி பார்த்தால் அவரே ஒரு குழந்தைத் தொழிலாளர். வீட்டுக்கு வீடு பிடி அரிசி வாங்கிப் பள்ளிக்கூடம் நடத்திய ஊர் அது, அவர் படித்ததும் அந்தப் பள்ளியில்தான். 1954-ல் முதல்வரானதும் குடியாத்தம் இடைத்தேர்தலில் நின்று ஜெயித்தார், 1957-லும் 62-லும் சாத்தூர். இரண்டுமே தீப்பெட்டி ஊர்! பள்ளிக்கூடம் இல்லாத ஊரெல்லாம் பள்ளிக்கூடம் திறந்தவர், சோறு போட்டால் பிள்ளை வரும் என்று மதிய உணவு கொண்டுவந்தவர். அவர் தொகுதியிலேயே அப்புறம் முப்பது வருடம் பிள்ளைகள் பஸ் ஏறினார்கள் என்றால் பள்ளிக்கூடமும் சோறும் மட்டும் போதவில்லை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஒரே வாத்தியார் ஐந்து வகுப்பையும் பார்த்த பள்ளிகள், போனாலும் எழுத்துக்கூட்டத் தெரியாமல் திரும்பி வந்த பிள்ளைகள். மத்தியானம் ஒரு வேளை சோறு பிள்ளையின் பசிக்கு, முன்பணம் மொத்த வீட்டின் பசிக்கு. இந்தப் போட்டியில் பள்ளிக்கூடம் தோற்றதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

ஆனால் தோற்றபடியே இருக்கவில்லை. இன்று சிவகாசியில் விடிகாலை பஸ்ஸில் எட்டு வயதுப் பிள்ளைகளைப் பார்க்க முடியாது. எது மாற்றியது என்று ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். தீர்ப்பும் ரெய்டும் என்பார்கள் அதிகாரிகள், விழிப்புணர்வு என்பார்கள் தொண்டு நிறுவனத்தார். 1988-ல் தொடங்கிய தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டத்தின் முதல் களங்களில் சிவகாசியும் ஒன்று, வேலையிலிருந்து வந்த பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளி, சாப்பாடு, மாதம் நூறு ரூபாய் உதவித்தொகை என்று நடந்தது, அந்தப் பள்ளிகளில் படித்து மேலே போனவர்கள் உண்டு. எல்லாம் சரி, என் கணிப்பில் பெரிய வேலையைச் செய்தவை பேர் இல்லாத மாற்றங்கள். வீட்டுக்கு ஐந்தாறு பிள்ளை என்பது இரண்டானது. 1982-ல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவு அடுத்த தலைமுறை அம்மாக்களைப் பள்ளிக்கூடம் பக்கம் கொஞ்ச காலமாவது இழுத்தது, எழுத்துக்கூட்டத் தெரிந்த அம்மா தன் மகளை அனுப்பத் தயங்கினாள். இலவச பஸ் பாஸ், அப்புறம் சைக்கிள், பத்தாம் வகுப்புக்குப் பிறகும் பெண் பிள்ளையைத் தெருவில் நடமாட வைத்தது. அட்டைப்பெட்டியை இயந்திரம் மடிக்க ஆரம்பித்தது. 2008-க்குள் எல்லா மாவட்டத்துக்கும் வந்த நூறு நாள் வேலை, பெண்களுக்கு ஆபீசைத் தவிர இன்னொரு இடத்திலும் கூலி உண்டு என்று காட்டியது. ஆபீஸ்காரர் இப்போது ஆள் கிடைக்கவில்லை என்று புலம்புகிறார், கூலி கூட்டிக் கொடுக்க வேண்டியிருக்கிறது என்கிறார். அம்மாவின் கூலி ஏறியபோது பிள்ளையின் கை தேவைப்படாமல் போனது. ஐம்பது வருடமாகச் சட்டம் கேட்டுக்கொண்டிருந்ததை இது சாதித்தது என்று சொன்னால் சட்டத்தைக் குறைத்துச் சொல்வதாக ஆகாது, சட்டத்துக்குக் கால் முளைத்ததே இதனால்தான்.

இங்கே ஒழிந்தது, எல்லா இடத்திலும் ஒழிந்ததா? ஆலையை விட்ட வேலை கொஞ்சம் வீட்டுக்குள் போனது. பட்டாசுக்குக் காகிதக் குழாய் உருட்டுவது வெகுகாலம் வீட்டு வேலையாக நடந்தது, தாயில்பட்டி, விஜயகரிசல்குளம் பக்கம் வீட்டிலேயே கள்ளத்தனமாகப் பட்டாசு செய்து வெடித்த செய்திகள் இன்னமும் வருகின்றன, வீட்டில் நடந்தால் பிள்ளைகளும் அங்கேதான் இருப்பார்கள். பதினான்கைத் தாண்டிய பெண் பிள்ளைகள் கொங்குப் பக்கத்து நூற்பாலைகளுக்குப் போனார்கள். மூன்று வருடம் ஹாஸ்டலில் தங்கி வேலை பார்த்தால் முடிவில் கல்யாணத்துக்கு மொத்தமாக ஒரு தொகை என்று ஆசை காட்டிய சுமங்கலித் திட்டம் அது, முன்பணத்தைத் தலைகீழாகத் திருப்பி வைத்த ஏற்பாடு. மூன்றாவது வருடம் உடம்பு முடியாமல் திரும்பினால் மொத்தத் தொகையும் போச்சு. டெல்டாவில் கிடை ஆடு மேய்க்கப் பையன்களை விடும் பழக்கம், 2018 நவம்பரில் கஜா புயல் தென்னையைச் சாய்த்துப் போட்டபோது ஒரு பையன் முப்பதாயிரத்துச் சொச்ச ரூபாய்க்கு ஆடு மேய்க்க விடப்பட்டான் என்ற செய்தியாக வெளியே வந்தது. கடன், மொத்தமாக ஒரு தொகை, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகும் ஆள், எல்லாம் பழைய சிவகாசிக் கணக்கேதான். செங்கல் சூளைகளில் ஒடிசாவிலிருந்து வரும் குடும்பங்கள் முன்பணத்துக்கு வருகின்றன, கூடவே வரும் பிள்ளைகளுக்கு இங்கே பள்ளிக்கூடத்து மொழியும் புரியாது.

நாடு முழுக்கப் பார்த்தால் 2001 கணக்கெடுப்பில் ஐந்திலிருந்து பதினான்கு வயதுக்குள் 1.26 கோடிப் பிள்ளைகள் வேலையில் இருந்தார்கள், 2011-ல் ஒரு கோடிக்குச் சற்று மேல். 2021-ல் எடுத்திருக்க வேண்டிய கணக்கு தள்ளிப்போய்விட்டது, ஆகவே கொரோனாவில் பள்ளிக்கூடம் பூட்டிக்கிடந்த காலத்தில் எத்தனை பேர் வேலைக்குப் போய்த் திரும்பாமலே நின்றார்கள் என்பதற்குச் சரியான எண் கிடையாது. உலக அளவில் 2024-க்கான மதிப்பீடு 13.8 கோடி, அதில் பெரும்பகுதி விவசாயத்தில். 2025-க்குள் முற்றாக ஒழிப்போம் என்று நாடுகள் ஐ.நா.வில் உறுதி சொல்லியிருந்தன.

2016-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். பதினான்கு வயதுக்குக் கீழ் எந்த வேலையும் கூடாது என்று ஆனது, இது பெரிய முன்னேற்றம். பதினெட்டு வரை ஆபத்தான வேலை கூடாது, மீறினால் ஆறு மாதத்திலிருந்து இரண்டு வருடம் வரை சிறை அல்லது 20,000 முதல் 50,000 வரை அபராதம். கூடவே, பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் உதவலாம், ஆபத்தான தொழில் மட்டும் கூடாது என்று ஒரு விலக்கு. 1939-ன் அந்தக் குடும்பப் பட்டறை வரி எழுபத்தேழு வருடம் கழித்து வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்து நிற்கிறது. நம்மூரில் இதைக் கேட்டதும் பலருக்கு ராஜாஜியின் 1953-ம் வருடத் திட்டம் ஞாபகம் வந்தது, அரை நாள் பள்ளிக்கூடம், மீதி அரை நாள் அப்பன் தொழில் பழகு என்ற அந்தத் திட்டத்தைக் குலக்கல்வி என்று எதிர்த்துத்தான் அவரது ஆட்சியே ஆடியது, காமராஜர் வந்ததும் முதல் வேலையாக அதைத் தூக்கிப்போட்டார். அம்மாவுக்கு ஒரு கை உதவுவது வேறு, எண்ணிக்கைக் கூலிக்கு அம்மாவோடு உட்காருவது வேறு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு வீட்டுத் திண்ணையில் இரவு ஒன்பது மணிக்கு இரண்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கும் ஆய்வாளர் யார்?

நல்ல சேதியும் உண்டு. 2022 செப்டம்பரில் மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கி, மறு வருடம் எல்லா அரசு தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. விடிகாலை ஆபீஸ் பஸ்ஸைப் பிடிக்க அவசரமாக ஓடும் அம்மா, பிள்ளை சாப்பிட்டதா என்ற கவலை இல்லாமல் போகலாம் என்பது இந்தப் பக்கத்தில் சாதாரண விஷயம் இல்லை.

அந்த அம்மாக்களின் அம்மாக்கள் இப்போதும் ஆபீசில் இருக்கிறார்கள். 1980-ல் எட்டு வயதில் குச்சி அடுக்க உட்கார்ந்தவருக்கு இன்று ஐம்பதைத் தாண்டிவிட்டது. முதுகு கூன் போட்டிருக்கும், கிட்டத்துப் பார்வை மங்கியிருக்கும், விரல் மட்டும் இன்னும் கணக்குத் தப்பாமல் ஓடும். பள்ளிக்கூடச் சான்றிதழ் கிடையாது, ஆகவே ஆதாரில் ஜனவரி ஒன்றாம் தேதி பிறந்தவராக இருப்பார், வருடம் யாரோ மதிப்பாகப் போட்டது. பி.எஃப். பிடித்த ஆபீசாக இருந்தால் பதிவேட்டில் அவருடைய சர்வீஸ் பதினெட்டு வயதில் தொடங்கும். அதற்கு முந்தைய பத்து வருடத்துக்கு அவர் அங்கே வேலை பார்த்ததாக எந்தக் காகிதத்திலும் இல்லை.